முறிந்த கையோடு பனிமலை ஏறலாமா?



இன்றைய கருத்தரங்கின் கேள்வி இதுதான். கை எலும்பு முறிந்து குணமாகி வரும் ஒருவர், கட்டுப் பிரிக்கும் முன்போ, பிரித்த கையோடோ, பனிச்சறுக்குப் பலகையில் ஏறலாமா? ஏறினால் அது துணிச்சலா, அவசரமா?

பனியே பெய்யாத ஊரில் இந்தக் கேள்வி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் பனி பார்க்கப் போகும் குடும்பங்கள் இங்கே உண்டு. போகிறவர்கள் பனியைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்புவதில்லை. பிள்ளைகள் பலகையை வாடகைக்கு எடுத்து ஏறிப் பார்க்கிறார்கள். மலையில் அதிகம் அடிபடுகிறவர்கள் யார் என்று மருத்துவர்கள் கணக்கெடுத்தபோது, முன்வரிசையில் நின்றவர்கள் புதிதாகக் கற்பவர்களே. ஆகவே இது ஒலிம்பிக் வீரர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல.

ஒரே பலகை, இரண்டு கால்கள்

பனிச்சறுக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஸ்கீயிங். ஒவ்வொரு காலுக்கும் ஒரு நீண்ட கட்டை, கைகளில் இரண்டு கோல்கள், முகம் முன்னோக்கி இருக்கும். மற்றொன்று ஸ்னோபோர்டிங். இரண்டு கால்களும் ஒரே பலகையில் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். கையில் கோல் கிடையாது. உடல் பக்கவாட்டில் திரும்பி நிற்கும்.

இதன் தொடக்கம் ஒரு தகப்பனின் விளையாட்டு யோசனை. 1965-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் மகள்கள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார். அந்த விளையாட்டுச் சாமான் வளர்ந்து, 1998-இல் ஜப்பானின் நகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாகவே இடம்பெற்றது.

இரண்டு கால்களும் கட்டுண்டு கிடப்பதுதான் இந்த விளையாட்டின் அழகு. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. சாதாரணமாக நடக்கும்போது தடுமாறினால் ஒரு காலை எடுத்து முன்னே வைத்துச் சமாளித்துக் கொள்கிறோம். பலகையில் அந்த வசதி இல்லை. பலகையின் ஓரம் பனியில் தவறான பக்கமாகக் குத்திவிட்டால், கண் இமைக்கும் நேரத்தில் ஆள் தரையில் இருப்பார். முன்பக்கம் விழுந்தாலும் பின்பக்கம் விழுந்தாலும், உடல் தன்னைக் காத்துக்கொள்ள முதலில் நீட்டுவது கையைத்தான். முழு உடலின் எடையும் விழும் வேகமும் உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் இறங்குகின்றன.

ஸ்கீயிங் செய்பவர்களுக்கு முழங்கால் அடிக்கடி அடிபடும். ஸ்னோபோர்டிங் செய்பவர்களுக்கு அந்த இடத்தில் மணிக்கட்டு நிற்கிறது.

சுளுக்கு என்று நினைத்தது முறிவாக இருக்கலாம்

முழங்கைக்குக் கீழே இரண்டு நீண்ட எலும்புகள் இருக்கின்றன. பெருவிரல் பக்கமாக இருப்பது ரேடியஸ் எலும்பு. நீட்டிய கையில் விழும்போது பெரும்பாலும் மணிக்கட்டை ஒட்டிய அதன் முனைதான் முறிகிறது. கை வீங்கிவிடும். சில நேரம் கோணிக்கொண்டும் நிற்கும். வலி பொறுக்க முடியாது. மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கவே முடியாது என்பதால், இந்த முறிவு மறைந்து கிடப்பதில்லை.

மறைந்து கிடப்பது வேறொன்று. மணிக்கட்டுக்குள் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. அவற்றில் படகு வடிவில் இருப்பது ஸ்கேபாய்டு. பெருவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் ஒரு சிறு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்துக்கு அடியில்தான் இந்த எலும்பு இருக்கிறது. விழுந்த பிறகு அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பது இதற்காகத்தான்.

இந்த எலும்பில் ஏற்படும் விரிசல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். அதனால் சந்தேகம் இருந்தால், படத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் கையைக் கட்டி வைத்து, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடியும் படம் எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதும் உண்டு.

இவ்வளவு கவனம் எதற்கு? இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமுள்ள முனை வழியாக நுழைந்து, பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் மறுபாதிக்கு ரத்தம் குறைந்துவிடும். முறிவு சேராமலே போகலாம். அந்தப் பாதி எலும்பு செத்துப் போவதும் உண்டு. கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் மணிக்கட்டில் மூட்டுத் தேய்மானம் வந்து சேரும்.

இங்கேதான் நம் வீடுகளின் பழக்கம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. விடுமுறை முடிந்து வீங்கிய கையோடு வரும் பிள்ளையைப் பார்த்ததும், “சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் முறிந்த எலும்பை நீவக்கூடாது. பெருவிரல் அடியில் வலி இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. சுளுக்கா முறிவா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

ஒரு நாள் இடைவெளியில் நடந்தது

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். தென்கொரியாவின் பியோங்சாங் நகரில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கவிருந்த வாரம். பிரிட்டனின் கேட்டி ஆர்மரோட் என்ற 20 வயதுப் பெண் பதக்கம் வெல்லக்கூடியவர்களில் ஒருவராகக் கருதப்பட்டார். பயிற்சியின்போது விழுந்ததில் அவருடைய மணிக்கட்டில் முறிவு ஏற்பட்டது. போட்டியிலிருந்து விலகவில்லை, முறிந்த கையோடே களமிறங்கப் போகிறார் என்று செய்தி வந்தது.

மறுநாள் மீண்டும் பயிற்சி. இரும்புத் தண்டவாளம் போன்ற தடையில் சறுக்கும்போது இன்னொரு விபத்து. இம்முறை வலது குதிகால் எலும்பு இரண்டாக உடைந்தது. தொடக்க விழாவுக்கு முன்பே அவருடைய ஒலிம்பிக் முடிந்துவிட்டது.

கை முறிந்திருந்ததால்தான் கால் உடைந்தது என்று சொல்லிவிட முடியாது. முழு உடல்நலத்தோடு இருப்பவரும் அந்தத் தடையில் விழலாம். ஆனால் அந்தப் பெண் அடுத்து என்ன செய்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பல அறுவை சிகிச்சைகள் நடந்தன. பனியை விட்டு நீண்ட காலம் விலகியிருந்தார். பொறுமையாகக் காலை மீட்டுக்கொண்டு திரும்பி வந்தார். 2019-20 பருவத்தில் ஸ்லோப்ஸ்டைல் உலகக் கிண்ணத் தொடரின் ஒட்டுமொத்த வெற்றியாளராகப் படிகக் கோளக் கிண்ணத்தைக் கையில் ஏந்தினார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் கலந்து கொண்டார். அவசரம் தராத வெற்றியை அவருக்குக் காத்திருப்பு தந்தது.

பதினொரு மாதத்தில் பதக்கம்

எதிர்த்தரப்பு உடனே இன்னொரு பெயரைச் சொல்லும். கனடாவின் மார்க் மெக்மோரிஸ். 2017 மார்ச் மாதம் விஸ்லர் பகுதியின் காட்டுச் சரிவில் மரத்தில் மோதினார். தாடை உடைந்தது. இடது கை முறிந்தது. மண்ணீரல் கிழிந்தது. இடுப்பெலும்பிலும் விலா எலும்புகளிலும் முறிவு. இடது நுரையீரல் சுருங்கிப் போனது. ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றுதான் உயிரைக் காப்பாற்றினார்கள்.

அதே ஆண்டு நவம்பரில், பெய்ஜிங்கில் நடந்த பிக் ஏர் உலகக் கிண்ணப் போட்டியில் அவர் முதலிடம் பெற்றார். 2018 பிப்ரவரியில், விபத்து நடந்து பதினொரு மாதம்கூட நிறைவடையாத நிலையில், ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்றார்.

“பார்த்தீர்களா, அவரால் முடிந்தது” என்பார்கள். முடிந்தது, உண்மைதான். ஆனால் அந்த எட்டு மாதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அறுவை சிகிச்சை, ஓய்வு, அதன்பின் பயிற்சியாளர்களின் கண்காணிப்பில் தினசரி உடற்பயிற்சி என்று படிப்படியாக ஏறித்தான் அவர் அந்தப் பலகைக்கு வந்தார். அவரைச் சுற்றி ஒரு மருத்துவக் குழு இருந்தது. சிறு வயது முதல் ஆயிரக்கணக்கான முறை விழுந்து பழகிய உடல் அது. ஐந்து நாள் விடுமுறைக்குப் போகிறவருக்கு இவற்றில் எது இருக்கிறது? வீரர்களிடம் கற்றுக்கொள்வதானால், அவர்கள் குதித்ததை மட்டும் பார்க்கக் கூடாது. அவர்கள் காத்திருந்ததையும் சேர்த்துக் கற்க வேண்டும்.

எலும்புக்கு ஒரு கணக்கு உண்டு

எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் முறிந்த முனைகளுக்கு நடுவே மென்மையான இணைப்புத் திசு உருவாகும். பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாகும். அதற்குப் பின்னும் எலும்பு தன்னைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர மாதங்கள் ஆகும், சில நேரம் ஆண்டுகள்கூட ஆகும்.

பெரியவர்களுக்கு ரேடியஸ் முனை முறிந்தால் பொதுவாக ஆறு வாரம் அளவுக்குக் கட்டு இருக்கும். ஸ்கேபாய்டு முறிவுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். பலரும் தவறாக எண்ணுவது இங்கேதான். மாவுக்கட்டைப் பிரித்த நாளே குணமான நாள் என்று நினைத்து விடுகிறார்கள். கட்டைப் பிரிப்பது, எலும்பு அன்றாட வேலைகளைத் தாங்கும் என்பதற்கான அடையாளம். வேகமாக விழும் ஓர் உடலின் எடையைத் தாங்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. அத்துடன் அந்த ஆறு வாரத்தில் கைத்தசை மெலிந்திருக்கும். மணிக்கட்டு விறைத்திருக்கும். பிடிமானம் பாதியாகக் குறைந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. விழும் அபாயம் உள்ள விளையாட்டுக்குத் திரும்ப மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் ஆகலாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி. புகையிலை எலும்பு சேருவதைத் தாமதப்படுத்தும். விரைவாகப் பலகை ஏற வேண்டும் என்று துடிப்பவர், முதலில் சிகரெட்டை இறக்கி வைக்க வேண்டும்.

கட்டு, கவசம் அல்ல

“கையில்தான் கட்டு இருக்கிறதே, அதுவே பாதுகாப்பு” என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மலையில் நடப்பது வேறு.

முதலாவது, கட்டு இருக்கும் கையால் விழும்போது அதிர்ச்சி மறைந்துவிடாது. கட்டு முடியும் இடத்துக்கோ, முழங்கைக்கோ, தோளுக்கோ இடம் மாறும். உள்ளே உலோகத் தகடும் திருகாணியும் வைத்திருந்தாலும் இதே கதைதான். தகடு முடியும் இடத்தில் புதிய முறிவு வரலாம். அதைச் சரிசெய்வது முதல் முறிவைவிடக் கடினம்.

இரண்டாவது, இந்த விளையாட்டுக்கு இரண்டு கைகளும் தேவை. இருக்கை வண்டியில் மேலே ஏறும் முன் ஒரு காலைப் பலகையிலிருந்து அவிழ்க்க வேண்டும். இறங்கியதும் குனிந்து மறுபடி பட்டையை இழுத்து இறுக்க வேண்டும். விழுந்தால் கையை ஊன்றித்தான் எழ வேண்டும். ஒரு நாளில் இது எத்தனையோ முறை நடக்கும். ஒரு கையைத் தூளியில் தொங்கவிட்டிருப்பவருக்கு உடலின் சமநிலையும் குறையும். விழும்போது தலையைக் காக்கவும் கை வராது.

மூன்றாவது, பனி ஈரமானது. மாவுக்கட்டு நனைந்தால் இளகிவிடும். உள்ளே இருக்கும் பஞ்சு நனைந்தால் தோல் புண்ணாகும். கட்டின் மேல் கையுறை ஏறாது. ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்த விரல்கள் குளிரில் இன்னும் விறைக்கும்.

நான்காவது, வலி மாத்திரை. வலி என்பது உடல் தரும் எச்சரிக்கை மணி. மணியின் வாயைக் கட்டிவிட்டு மலையிறங்குவது புத்திசாலித்தனம் ஆகாது. மேலும் கடுமையான வலி மருந்துகள் சில, தூக்கக் கலக்கத்தைத் தந்து கவனத்தைக் குறைக்கும்.

ஐந்தாவது, பணம். பயணக் காப்புறுதி எடுத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதன் நிபந்தனைகளைப் படித்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் காயத்துக்கும், மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன செயலுக்கும் இழப்பீடு தராத காப்புறுதிகள் பல. வெளிநாட்டு மருத்துவமனைக் கட்டணம் எவ்வளவு என்பது கட்டியவர்களுக்குத் தெரியும்.

பிள்ளைகளின் எலும்பு

பெற்றோர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளைகளின் எலும்பு பெரியவர்களின் எலும்பைவிட வேகமாகச் சேரும். அதனால் “சின்னப் பிள்ளைதானே, சீக்கிரம் சரியாகிவிடும்” என்கிறோம். ஆனால் வளரும் வயதில் எலும்பின் முனைக்கு அருகே வளர்ச்சித் தகடு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. அங்கே அடிபட்டால் எலும்பின் வளர்ச்சியே கோணலாகலாம். முன்கை முறிந்து குணமான பிள்ளைகளுக்கு அடுத்த சில மாதங்களில் அதே இடத்தில் மீண்டும் முறிவு ஏற்படுவதும் மருத்துவர்கள் அறிந்த ஒன்று. பயணச்சீட்டு வாங்கியாகிவிட்டது என்பதற்காகப் பிள்ளையின் கையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. பனியில் உருண்டை பிடித்து விளையாடவும் வழி இருக்கிறது.

பயமும் நல்லதல்ல

இவ்வளவும் சொன்னது, ஒருமுறை விழுந்தவர் இனி மலைப்பக்கமே போகக்கூடாது என்பதற்காக அல்ல. அவசரம் ஒரு தவறு என்றால், அச்சத்தால் முடங்கிப் போவது இன்னொரு தவறு. அசையாத மூட்டு விறைத்துப்போகும். வேலை செய்யாத தசை தேய்ந்துபோகும். சுமை தாங்காத எலும்பும் வலுவிழக்கும்.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று பொருள் இல்லை. கட்டுப் போட்ட நாளிலிருந்தே, மருத்துவர் அனுமதித்த அளவுக்கு, விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். முழங்கையையும் தோளையும் அசைக்க வேண்டும். நிலையான சைக்கிள் மிதிக்கலாம். கால் தசைக்கும் வயிற்றுத் தசைக்கும் பயிற்சி கொடுக்கலாம். பனிச்சறுக்குக்கு உடலைத் தாங்குபவை இவைதானே. கட்டைப் பிரித்த பிறகு பிசியோதெரபி நிபுணர் சொல்லும் பயிற்சிகளை விடாமல் செய்ய வேண்டும்.

திரும்பும் நேரம் வந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருக்க வேண்டும். முறிந்த இடத்தை அழுத்தினால் வலிக்கக் கூடாது. மணிக்கட்டு எல்லாப் பக்கமும் அசைய வேண்டும். பிடிமானம் மற்றக் கைக்குக் கிட்டத்தட்ட ஈடாக இருக்க வேண்டும். தரையில் உள்ளங்கையை ஊன்றி உடல் எடையைத் தாங்க முடிய வேண்டும். இவை எல்லாம் இருந்து, மருத்துவரும் சரி என்றால், போகலாம். முதல் நாள் சாதுவான சரிவு போதும். குதிக்கும் மேடையும் இரும்புத் தடையும் ஓடிப் போகாது.

போகும்போது மணிக்கட்டுக் காப்பை மறக்க வேண்டாம். நார்வேயில் 5,029 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2001-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். காப்பு அணிந்த பிரிவில் மணிக்கட்டில் அடிபட்டவர்கள் 8 பேர். அணியாத பிரிவில் 29 பேர். வித்தியாசம் கண்கூடு. ஆனால் அந்தக் காப்பு நலமாக உள்ள கையைக் காக்கத்தானே தவிர, பாதி சேர்ந்த எலும்புக்கு முட்டுக் கொடுக்க அல்ல. தலைக்கவசமும் அப்படியே, கட்டாயம் வேண்டும்.

விழவும் கற்றுக்கொள்ள வேண்டும். முன்பக்கம் விழுந்தால் விரல்களை மடக்கி முஷ்டியாக்கி, முன்கை முழுவதிலும் அதிர்ச்சியைப் பரவ விட வேண்டும். பின்பக்கம் விழுந்தால் முதுகை வளைத்து, தாடையை மார்போடு சேர்த்து, கையைப் பின்னால் ஊன்றாமல் உட்கார்வது போல் விழுந்து உருள வேண்டும். நல்ல பயிற்றுநர் முதல் பாடமாக இதைத்தான் சொல்லித் தருவார். ஒரு மணி நேர வகுப்புக்கான கட்டணம், அறுவை சிகிச்சைக் கட்டணத்தின் முன் ஒன்றுமே இல்லை.

எது வீரம்?

பனிக்காலம் குறுகியது. வட நாடுகளில் ஏறத்தாழ டிசம்பர் தொடங்கி ஏப்ரல் வரை. அதில் மூன்று மாதத்தைக் கட்டோடு கழிப்பது, அந்த விளையாட்டை நேசிப்பவருக்குப் பெரிய இழப்புதான். நண்பர்கள் மலையேறிப் போகும்போது கீழே தனியாக உட்கார்ந்திருப்பது மனத்தை வருத்தும். அந்த வருத்தத்தைக் கேலி செய்ய வேண்டாம். அதற்கு மரியாதை கொடுத்துத்தான் பேச வேண்டும்.

ஆனால் ஒரு பருவத்தை இழப்பது வேறு, ஒரு கையை இழப்பது வேறு. போன பனி அடுத்த ஆண்டு மறுபடி பெய்யும். கோணலாகச் சேர்ந்த மணிக்கட்டு தானாக நிமிராது. அந்தக் கையால்தான் பேனா பிடிக்க வேண்டும், வாகனம் ஓட்ட வேண்டும், நாளைக்குக் குழந்தையைத் தூக்க வேண்டும். பலகையில் ஏறுவதற்குத் துணிச்சல் வேண்டும். மருத்துவர் சொல்லும் நாள் வரும்வரை ஏறாமல் இருப்பதற்கும் துணிச்சல் வேண்டும். இரண்டாவது துணிச்சலுக்குக் கைதட்ட ஆள் இருக்காது. வீட்டில் இருப்பவர்களாவது தட்டிக் கொடுப்போம்.